மனசு ஒப்பாத கஞ்சி

மாடிவீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். போன வாரம்தான் வண்டி நிறுத்தும் தகராறில் என்னைத் தெருவே கேட்கத் திட்டியவர். எரிச்சலோடு அவருக்குக் கஞ்சி வைத்தேன். நொய்யும் பூண்டும் கொதிக்கும் வாசனை, கீழ்வேளூர்ப் பக்கம் இருந்த எங்கள் பழைய அடுப்படிக்கு என்னை இழுத்துப் போனது.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் குறைவு. எங்கள் முறை வரும்போதெல்லாம் பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிடுவார். எங்கள் பயிர் கருகியது. பிறகு அவர் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அன்று சாயங்கால ஜெபத்தில் அப்பா வாசித்தது, பகைவரை நேசிக்கச் சொல்லும் பகுதி. பைபிளை மூடியதும் மண்வெட்டியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா.

"அவர் வயலுக்குத் தண்ணி திருப்பி விடணும்."

"நம்ம பயிரு கருகினப்ப அந்த மனுசன் திரும்பிப் பாத்தாரா?"

"இல்லதான். ஆனா இதை வாசிச்சுட்டு சும்மா உக்கார முடியல."

அம்மா பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். மறுநாள் காலையில் தூக்குவாளியில் பூண்டுக்கஞ்சியை ஊற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் புலம்பல்.

"ஆண்டவர் சொல்லிட்டாரேன்னு போறேன். எனக்கு மனசே ஒப்பல."

அவர் குடித்தார், ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மறுவருஷமும் மடையை அடைத்தார். அம்மாவின் கோபம் கடைசிவரை தீரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு போனது.

மாடியேறி மணியை அடித்தேன். கதவைத் திறந்த அக்கா, "உப்பாவது போட்டீங்களா?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊறுகாயும் வச்சிருக்கேன்க்கா" என்றேன்.