மூன்று பட்டை மறைகிறது

ஓட்டலின் சலவை அறை மூன்றாவது மாடியில் இருந்தது. இஸ்திரி மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல், அது நிறையக் கடல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு. அதன் வெளி ஓரத்தில் படகுகளை எச்சரிக்க நட்ட இரும்புக் கம்பம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் முப்பத்தொரு வருடம் அந்த ஜன்னல் முன்னால்தான் நின்றாள். கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

ஆனாலும் அலைச்சறுக்குப் போகிற அத்தனை பேருக்கும் அவள் அக்கா. கைப்பேசி வராத காலம். அலை எப்படி என்று கேட்டு, காலை ஆறு மணிக்குச் சலவை அறைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கி, தலையணை உறையை மடித்தபடி சொல்வாள்.

"தண்ணி வத்துது. காத்து கரையிலேருந்து. மூணு பட்டை மறையுது."

அலை எழும்பும்போது கம்பத்தில் மூன்று பட்டை மறைந்தால் நெஞ்சுயரம். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று கேட்டால், "மணல்ல உடையுற அலை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி, தினம் ஒரு பேச்சு. பாறை நகராது. அலையும் சொன்ன எடத்துலயே உடையும்" என்பாள்.

ஓய்வு பெற்றபின் அந்த அறையை நினைத்தால், கஞ்சி வாசனையும் தொலைபேசியின் முதல் மணியும்தான் முதலில் வருகின்றன. முதல் மணி தம்பியுடையது. எலக்ட்ரீஷியன். பட்டை எண்ணச் சொல்லிக் கொடுத்தவனும் அவனே.

ஒரு வருடம் அலையில் சறுக்கும்போது அவன் பாறையில் விழுந்து தோள்மூட்டு நழுவியது. ஆறு வாரம் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். ஐந்தாவது வாரம் தொலைபேசி அடித்தது.

"எப்படிக்கா இருக்கு? சும்மாதான் கேக்கறேன்."

அவனுடைய சும்மா அவளுக்குத் தெரியாதா? ஜன்னலில் ஐந்து பட்டை மறைந்துகொண்டிருந்தது. அலைகள் சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிசையாக வந்தன.

"ஒண்ணுமில்லடா. குளம் மாதிரி கெடக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அன்று அவனுக்கு ஒரு மாடி வீட்டின் உச்சியில் ஒயரிங் வேலை. மேலே ஏறியவன் கடலைப் பார்த்துவிட்டான். மத்தியானம் சலவை அறை வாசலில் நின்றான்.

"போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அது என் தலையெழுத்து. இனிமே நீ குளம்னு சொன்னா, நான் எதை நம்புறது?"

மறுநாளிலிருந்து அவன் கூப்பிடவில்லை. தோள் சரியான பிறகும் இருபது நிமிடம் சைக்கிள் மிதித்துப் போய் அலையைத் தானே பார்த்தான். வீட்டில் பேசினான், சாப்பிட்டான், கிண்டல்கூடச் செய்தான். கடலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முதல் மணியில் வேறு யாரோ பேசுவார்கள்; அவளும் பட்டை எண்ணிச் சொல்வாள். அந்தப் பொய் அவனுக்காகச் சொன்னதா, தன் பயத்துக்காகச் சொன்னதா? இன்றைக்கும் அவளுக்கு அது பிடிபடவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலை ஏழு பட்டை மறைந்தது. அவன் சைக்கிளை எடுப்பதற்குள் அவளே வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ஏழுடா. காத்து நல்லாருக்கு. ஆனா தண்ணி ரொம்ப வத்தி, பாறையோட முதுகு தெரியுது. எட்டு மணிக்கு மேல ஏறும். போகாதன்னு சொல்லத்தான் ஆசை. சொல்லல."



"எத்தனை அலை சேந்து வருது?"

"அஞ்சு. மூணாவதுதான் பெருசு."

"சரி. எட்டரைக்குப் போறேன்."

அன்று இரண்டு படுக்கை விரிப்புகள் கருகின. ஒருமுறை அவன் பலகை மட்டும் நுரைமேல் தனியாக மிதந்தது. அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கவும் மறந்து நின்றாள். பிறகு தலை தெரிந்தது.

பத்தரைக்குத் தொலைபேசி.

"பாத்தியாக்கா?"

பிரமாதம் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் நினைத்தாள்.

"பாத்தேன். ரெண்டாவது அலையில நீ எந்திரிச்சது முட்டை போடப் போற கோழி மாதிரி இருந்துச்சு."

நாலு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தான்.

"நாளைக்கு அஞ்சே முக்காலுக்கே கூப்பிடறேன். அப்புறம் உன் லைன் கெடைக்காது."