முதல் சொன்ன ஓம்

நிதர்சனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவள்மேலா, அந்த நாற்பத்து மூன்று விதிகள்மேலா, வைபர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

அவள் எங்கள் கண்டல்முனையின் முன்பள்ளி ஆசிரியை. முல்லைத்தீவுக் கரையில், களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. கணவன் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவன். சனசமூக நிலையக் கட்டடத்தின் முன்னறையில் பதினொரு வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். விடியக் கடலால் வருகிற தகப்பனும் கருவாட்டுப் பந்தலுக்குப் போகிற தாயும் பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தங்கள் அலுவலைப் பார்ப்பார்கள். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். என்னுடைய கொட்டில் அவளுடைய முன்பள்ளிக்கு எதிரே இருக்கிறது. என் மகள் சாரங்காவும் அவளிடம்தான் படித்தாள். ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்பள்ளி அவளுடைய ஒரு வேலை. இன்னொரு வேலை, கண்டல்முனை இணையப் பேரவையின் செயலாளர். அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை.

முதலில் அது தொலைபேசியில் வெறும் வைபர் குழு. மரண அறிவித்தலும் பிறந்தநாள் கேக்கும் போடுகிற இடம். சனசமூக நிலையத்துக்கு என்ன நிறம் பூசுவது என்ற கதையில் ஒரு கிழமையில் அறுநூறு குரல் பதிவு வந்து, மூன்று குடும்பம் முகம் பார்க்காமல் போனது. அப்போதுதான் ரொறன்ரோவில் இருக்கிற ஸ்ரனிஸ்லஸ் அண்ணை, நாங்கள் பாராளுமன்றம் மாதிரி ஒழுங்காகக் கதைக்க வேண்டும் என்றார். நாற்பத்தொரு உறுப்பினர், இங்கே பதினேழு பேர், வெளிநாடுகளில் இருபத்து நான்கு பேர். சனசமூக நிலையத்தின் முடிவெல்லாம் இனிப் பேரவையில்தான். தவிசாளர் அவர், செயலாளர் நிதர்சனா. அவர் விதிகளை எழுதி அனுப்புவார். அவள் அவற்றில் உள்ள ஓட்டைகளைப் பிடித்து அடைப்பாள். இரண்டு பேருமாக ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்று விதிகள் செய்துவிட்டார்கள். ஊரில் அவ்வளவையும் முழுதாக வாசித்தது அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

பிரேரணைக்கு ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். மூன்று நாள் விவாதம். ஒருவர் மூன்று தரத்துக்கு மேல் பேசக்கூடாது. ஒருமுறை எஞ்சின்காரன் ஒருவனுக்கு அனுப்பவேண்டிய காபரேற்றர் படத்தைக் கைதவறிப் பேரவையில் போட்டுவிட்டேன். என்னுடைய மூன்றாவது பேச்சு அதோடு முடிந்தது என்று அறிவித்தாள். கொட்டிலால் எழும்பிப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"காபரேற்றர் படம் ஒரு பேச்சோ பிள்ளை?"

"குழுவில வந்தது எல்லாம் பேச்சுத்தான் அண்ணை. விதி பதினொண்டு."

"ஆருக்காவது அது விளங்கினதோ?"

"விளங்கவேணும் எண்டு விதியில இல்லை," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள். சிரிக்கவும் இல்லை.

வாக்கெடுப்புக்கு முதலில் வைபரிலேயே இருக்கிற வாக்குப் பெட்டியைத்தான் பாவித்தார்கள். அதில் எத்தனை தரமும் மாற்றிப் போடலாம். சுவிஸில் இருக்கிற சுமித்திரா அக்கா ஒரே பிரேரணைக்கு ஒரே நாளில் நாலு தரம் மாற்றினார். ஒவ்வொரு முறையும் யாரோ தொலைபேசி எடுத்து அவருடைய மனதைக் கரைத்திருக்கிறார்கள். கேட்டால் "ஒழுங்குப் பிரச்சினை" என்று ஒன்றைக் கிளப்புவார். அலுத்துப்போய்த்தான் நிதர்சனா இருபத்தேழாம் விதியை எழுதினாள். வாக்கெடுப்பு ஆரம்பம் என்று தவிசாளர் அறிவித்த பிறகு உறுப்பினர் "ஓம்" அல்லது "இல்லை" என்று எழுதவேண்டும். முதல் எழுதியதுதான் வாக்கு. அழித்தாலும் அதுதான், பிறகு மாற்றி எழுதினாலும் அதுதான்.

நல்ல விதி, குறை சொல்ல முடியாது. குறை எங்கள் வாயில் இருக்கிறது. வேறு ஊர்களில் எப்படியோ தெரியாது, எங்களுக்கு ஓம் என்றால் சம்மதம் மட்டுமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாலும் ஓம். கண்டுவிட்டேன் என்றாலும் ஓம். இரண்டு தரம் ஓம் ஓம் என்றால், ஆளை விடு என்று அர்த்தம். இதை வாக்குச் சொல்லாக வைத்த மூளையை என்னவென்று சொல்ல?

போன வருடம் இதில் சூசைப்பிள்ளை அப்பு அகப்பட்டார். படகுத் துறையில் நின்ற நாலு பூவரசுகளையும் வெட்டிப் பாதை அகலமாக்குகிற பிரேரணை. அவர் கிழிந்த வலை பொத்துகிற நிழல் அது. வாக்கெடுப்பு தொடங்கியதும் நிதர்சனா, "எல்லாரும் அறிவித்தலைக் கண்டனீங்களோ?" என்று எழுதினாள். அப்பு மினக்கெட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "ஓம் பிள்ளை" என்று எழுதினார். வாக்காகப் பதிந்தாள். அவருடைய வாக்கு இல்லாவிட்டாலும் மரங்கள் போயிருக்கும். ஆனாலும் மரம் வெட்டச் சொன்னவர்களின் பட்டியலில் தன்னுடைய பெயரும் நின்றது அவருக்குத் தாங்கவில்லை. முன்பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"நான் உனக்கல்லோ பிள்ளை மறுமொழி சொன்னனான்?"

"தெரியும் அப்பு. உங்களுக்கு மாத்தினால் நான் எல்லாருக்கும் மாத்தவேணும்."

ஐந்து மாதம் அவர் அவளோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னால், "வேறு எதற்கும் ஓம் எழுதாதீங்கோ, சரி எண்டு எழுதுங்கோ" என்று அறிவித்தல் போடுவாள்.

இந்த வருடம் பங்குனியில் முப்பத்தோராம் பிரேரணை வந்தது. நோர்வேயில் இருக்கிற ஜெனுசன் முன்மொழிந்தான். சனசமூக நிலையக் கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு மாடி மண்டபம் கட்டவேண்டும். கட்டி முடியும்வரை முன்பள்ளியை நாலு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள அடுத்த ஊர் முன்பள்ளியோடு சேர்க்கவேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள். அதாவது நிதர்சனாவுக்கு வேலை இல்லை. அதைவிட அவளுக்குக் கவலை பிள்ளைகள்தான். தகப்பன் கடலில், தாய் பந்தலில். இருபத்து மூன்று பிள்ளைகளை நாலு கிலோமீற்றர் யார் கூட்டிக்கொண்டு போவது? மண்டபம் என்ன இரண்டு மாதத்தில் எழும்புகிற சாமானா?

மூன்று நாள் விவாதம் நடந்தது. எனக்கு இரத்தக் கொதிப்பு வந்தது அப்போதுதான். ஒஸ்லோவில் விடுமுறை, ஆகவே ஜெனுசனுக்கு ஆறுதலாக எழுத நேரமிருந்தது. நாங்கள் இங்கே கடலில் நிற்கையில் சிக்னல் இல்லை. கரைக்கு வந்து பார்த்தால் எங்களுக்கு எதிரே நாற்பது பேச்சு குவிந்திருக்கும். கலியாணம் செய்ய ஊரில் ஒரு நல்ல மண்டபம் இல்லையே என்று கனடாவில் இருந்து ஒருவர் அழுதார். அவருடைய பிள்ளைகள் மூன்று பேருக்கும் அங்கேயே கலியாணம் முடிந்துவிட்டது. நிதர்சனா தன்னுடைய மூன்று பேச்சையும் முதல் நாளே முடித்துவிட்டாள். மூன்றாவதில், "பிள்ளைகளின்ரை பெயரைக் கீழ போட்டிருக்கிறன், ஒருக்கா வாசியுங்கோ" என்று எழுதி இருபத்து மூன்று பெயரையும் போட்டிருந்தாள். பட்டியல் நீளம் கூட என்று சுமித்திரா அக்கா ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்.

அவள் செய்த இன்னொரு விசர்வேலையும் உண்டு. வாக்கெடுப்பை மறந்துவிட வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கு ஞாபகப்படுத்துவது செயலாளரின் கடமை. மண்டபம் வேண்டும் என்று நின்ற, பிரான்ஸில் இருக்கிற உறுப்பினர் ஒருவர் தேதியை மறந்திருந்தார். அவருக்கும் தொலைபேசி எடுத்து ஞாபகப்படுத்தினாள். நான் தலையில் கைவைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு தொடங்கி அடுத்த நாள் ஐந்து மணிக்கு முடிந்தது. தவிசாளருக்கு வாக்கில்லை. எங்களில் ஒருவர் கடலில் நின்றுவிட்டார். மிச்சம் முப்பத்தொன்பது வாக்கு. எல்லாரும் அவரவர் வீட்டில் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம். ஓம் பத்தொன்பது, இல்லை இருபது. நாங்கள் வென்றுவிட்டோம். அறிவிப்பு வருமுன்னரே ஜெனுசன் எழுதிவிட்டான்: "நானும் எண்ணிப் பாத்திட்டன். வாழ்த்துகள் நிதர்சனா அக்கா." நல்ல பெடியன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்ணும்போது உள்ளூர் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று விதி. அன்று நான்தான். முன்பள்ளியின் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தேன். அவள் கொப்பியில் பெயர்களை எழுதி, தொலைபேசியில் முதலாவது செய்தியில் இருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவதிலேயே விரல் நின்றுவிட்டது.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

பார்த்தேன். ஐந்து மணிக்கு ஸ்ரனிஸ்லஸ் அண்ணை, "வாக்கெடுப்பு ஆரம்பம். நிதர்சனா, உறுப்பினர் பட்டியல் சரியோ?" என்று கேட்டிருந்தார். அடுத்த செய்தி அவளுடையது. "ஓம் அண்ணை."

"மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான்," என்றாள். "கையைத் துடைச்சுப்போட்டு எழுதினனான்."

"அதுக்கென்ன? பிறகு இல்லை எண்டு போட்டிருக்கிறாய்தானே."

"பிறகு போட்டது."

அவள் என்ன சொல்லவருகிறாள் என்று விளங்கியதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "பிள்ளை, ஒருத்தரும் காணேல்லை. தோத்தவனே வாழ்த்துச் சொல்லிப்போட்டான். பேசாமல் அறிவி," என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். என் மகளுடைய பெயரைச் சொன்னேன். இருபத்து மூன்று பெயரும் சொல்லியிருப்பேன், ஞாபகம் இருந்திருந்தால். அவள் கொப்பியில் தன்னுடைய பெயருக்கு நேரே பேனையை வைத்தாள். ஓம் என்று எழுதினாள்.

ஓம் இருபது, இல்லை பத்தொன்பது, பிரேரணை நிறைவேறியது என்று பேரவையில் அறிவித்தாள். என்ன நடந்தது என்று காரணத்தையும் இரண்டு வரியில் போட்டிருந்தாள்.

ஒரு நிமிடத்தில் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை அழைத்தார். அவள் சத்தத்தைக் கூட்டிவைத்தாள், நானும் கேட்டேன்.

"விசரே பிள்ளை உனக்கு? அது எனக்குச் சொன்ன மறுமொழி. நீ ஓம் எண்டு சொல்லு, நான் இப்பவே மாத்தி அறிவிக்கிறன்."

"சூசைப்பிள்ளை அப்பு சொன்னதும் எனக்குச் சொன்ன மறுமொழிதான் அண்ணை."

மனிசன் தொலைபேசியை வைத்துவிட்டார். முடிந்த பிரேரணையைத் திரும்ப எடுக்க ஆறு மாதம் போகவேண்டும், அதுவும் விதிதான். கட்டடம் இடிக்கிறவர்களுக்கு அந்த விதி இல்லை. அவர்கள் மூன்றாம் கிழமையே வந்துவிட்டார்கள். சுவர் விழுகிற சத்தத்தில் என்னுடைய கொட்டிலில் இருந்த, எஞ்சின் கழற்றுகிற சாவிகள் குலுங்கின. பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் இப்போது அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பதினொரு பேர் போகவில்லை. சாரங்கா என்னுடைய கொட்டிலில் வெறும் எண்ணெய்த் தகரப் பேணிகளை அடுக்கி விளையாடுகிறாள்.

இடித்து முடித்த கிழமை பேரவையில் முப்பத்து மூன்றாம் பிரேரணை வந்தது. செயலாளர் நிதர்சனாவின் நேர்மையைப் பாராட்டுவது. சுமித்திரா அக்கா முன்மொழிய, ஜெனுசன் வழிமொழிந்தான். மூன்று நாளும் புகழ்ச்சிதான். இப்படி ஒரு பிள்ளை இருப்பது ஊருக்கே பெருமை என்றார்கள். பாராட்டப்படுகிறவள் வாக்களிக்கக்கூடாது. எண்ணுவது மட்டும் அவளுடைய வேலை. முன்பு கடலில் நின்றுவிட்டவர்கூட இந்த முறை மறக்காமல் போட்டார். ஓம் முப்பத்தெட்டு, இல்லை ஒன்று. அப்படியே அறிவித்தாள்.

பின்னேரம் கொட்டிலுக்கு வந்தாள்.

"காரணம் கேக்கக்கூடாது எண்டு விதி இருக்கு," என்றாள். "எண்டாலும் கேக்கிறன். ஏன் அண்ணை இல்லை எண்டு போட்டனீங்கள்?"

"முப்பத்தெட்டுப் பேர் ஓம் போட்டிருக்கினம். அதில ஒருத்தராவது பிள்ளையள் இப்ப எங்கை படிக்குதுகள் எண்டு கேட்டவையோ?"

அவள் எண்ணெய்ப் பேணிகளுக்குப் பக்கத்தில் சாரங்காவோடு நிலத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் அழாதவள் அப்போது அழுதாள்.