ஓரத்து வரிசை

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூவெடுத்த மக்காச்சோளக் காட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு என் தப்பு பாதி புரிந்துவிடும். மஞ்சள் பூந்தூள் தலையிலும் தோளிலும் கொட்டும், தோகை கையைக் கீறும். தொண்ணூறுகளின் நடுவில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவிநாசிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் தண்ணீர் கட்டிவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவேன். ஒருநாள் என் காலரில் ஒட்டியிருந்த பூந்தூளைப் பார்த்துவிட்டு செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். "மாஸ்டர் காட்டுக்குள்ளருந்து நேரா வந்துட்டாருங்க." காட்டிலிருந்து வந்தவன்தானே நான், அதில் என்ன கேவலம்? அன்றைக்கு எனக்குக் கேவலமாக இருந்தது.

அந்த வருடம் எங்கள் காட்டில் நின்றது நாட்டு மக்காச்சோளம். விதை என்னுடையதல்ல. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடையது. பங்காளி முறை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரே வீரிய ஒட்டு விதைக்குப் போன பிறகும் அவர் மட்டும் அந்தச் சின்னச் சிவப்பு மணியை விடவில்லை. ஒரு மழை குறைந்தாலும் அது மணி பிடித்துவிடும், சீக்கிரம் விளைந்துவிடும். கதிர் சிறுத்தது, காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும் என்ற குறைகளும் உண்டு.

அந்தக் குறைகளைத் தீர்க்கலாம் என்றுதான் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஒரு மேடம் வந்தார். பயிர்களைத் தேர்ந்து தேர்ந்து விதை எடுத்தால் சில வருடங்களில் தண்டு உறுதியாகும், கதிரும் பெருக்கும் என்றார். "தண்டு கெட்டியானா மாடு திங்குங்களா அம்மிணி? அதையுமல்ல கேக்கோணும்" என்றார் அண்ணன். மேடம் சிரித்துக்கொண்டே, "மாட்டுக்குப் போடற தட்டு மெத்துன்னு இருக்கணும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்து பேர் சேர்ந்தோம். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்ததால் என் காடு விதைக்காடு ஆனது. அண்ணன் தன் வீட்டு அடுப்புக்கு மேலே, பூச்சி பிடிக்காமல் புகையில் தொங்கவிட்டிருந்ததில் ஒரே ஒரு கொத்துக் கதிரை விட்டுவைத்துவிட்டு, மிச்ச விதையை எல்லாம் எனக்குக் கொடுத்தார். முதல் சுற்றில் விதை தேறினால்தான் பண்ணையில் இதை மேலே நடத்துவார்கள் என்று மேடம் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

என் வேலை ஒன்றுதான். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் முந்திப் பூத்து நிமிர்ந்து நிற்கும் ஐந்து பயிரில் அடையாளம் கட்ட வேண்டும். அறுப்பில் அந்தக் கதிர்களை மட்டும் நானே விதைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கட்டுவதற்குச் சிவப்புக் கட்டிங் வேஸ்ட் துணி நான் கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "ஓரத்து வரிசைகளைத் தொடாதீங்க. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீரிய ஒட்டு நிக்குது. அதோட பூந்தூள் காத்துல வந்து ஓரத்துல விழும், விதை கலந்துரும்."

கட்ட வேண்டிய காலையில் நான் குளித்து, சட்டை மாற்றியாகிவிட்டது. பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். நான் வாய்க்கால் மேட்டில் நின்றபடியே, கைக்கு எட்டிய ஓரப் பயிர்களில் துணி முழுவதையும் கட்டி முடித்தேன். தண்ணீரும் வெயிலும் நன்றாகக் கிடைத்த பயிர்கள், பார்க்க எடுப்பாகத்தான் இருந்தன. சட்டையில் ஒரு பொட்டுத் தூள் படவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து பஸ்ஸில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கதிர்கள்தான் விதையாகி அடுத்த வருடம் ஐந்து காட்டுக்கும் போயின. அண்ணன் தன் மானாவாரிக் காடு முழுக்க அதையே விதைத்தார். பயிர் நெடுநெடுவென்று வளர்ந்தது, பூக்கத்தான் நாளாயிற்று. கடைசி மழை பொய்த்ததும் பாதிக் கதிரில் மணியே பிடிக்கவில்லை. பிடித்ததிலும் சிவப்போடு பெரிய மஞ்சள் மணி கலந்து கிடந்தது.

மேடம் ஐந்து பேரையும் அண்ணனின் காட்டில் கூட்டிவைத்து ஒவ்வொரு கதிராக உரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஓரத்துல ஏதாச்சும் எடுத்தீங்களாங்க?" என்று கேட்டார். மிரட்டலே இல்லை. எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அடுப்புக்கு மேல் இருந்த கொத்தை வைத்து மறுபடி தொடங்கியிருப்பார்.

"இல்லீங்க, நடுக்காட்டுலதானுங்க எடுத்தேன்."

"அப்படின்னா ஐயா வீட்டு விதையிலேயே முன்னாடியிருந்து கலப்பு இருந்திருக்கணும்" என்றார் மேடம் அண்ணனைக் காட்டி, தயங்கித் தயங்கி. அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. கையிலிருந்த கதிரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஊரில் நல்ல நாட்டு விதை கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாசலில் உட்கார்ந்து அவர் மணி உதிர்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கோழிகள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அடுப்புக்கு மேல் இருந்த கொத்து அது என்று புகையேறிய தோகையைப் பார்த்ததும் தெரிந்தது. இன்னும் இரண்டு கதிர் மிச்சம் இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"கலந்து போன விதைய வெச்சுட்டு என்ன கண்ணு பண்றது" என்றார். அடுத்த கதிரைக் கையில் எடுத்தபடி, "உன்ர பாடும் என்னால வீணாப் போச்சு. கம்பெனிக்கும் போயிட்டு, காட்டையும் பாத்துட்டு எத்தன அலைஞ்சே. மனசுல வெச்சுக்காத சாமி."

"பரவாயில்லீங்கண்ணா, விடுங்க" என்று நான் அவரை மன்னித்தேன்.

கடைசிக் கதிரையும் அவர் உதிர்த்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.