மச்சானோட வெல்டிங்குல தெரிஞ்ச கோடு

வெல்டிங்கை வெட்டி, தேய்ச்சு, ஆசிட்ல நனைச்சு, மைக்ராஸ்கோப்புல குறை கண்டுபிடிக்கிறதுதான் நம்மாளோட உத்தியோகம். ஊரு வம்பையே விடாத மனுஷன், உலோகத்தை விடுவாரா?

அதே கம்பெனியில வெல்டரா இருந்த மச்சான், அதாவது பொண்டாட்டியோட தம்பி, நிக்கல் கலவையில போட்ட சோதனை வெல்டிங்குல, மைக்ராஸ்கோப்புல மணிமணியாத் தெரிஞ்ச உலோகத்துக்கு நடுவுல மெல்லிசா ஒரு கோடு. 'விரிசல்'னு எழுதிட்டாரு. மச்சானுக்கு வேலை போச்சு.

மறுவாரம் அதே துண்டைத் திரும்பத் தேய்ச்சா, கோட்டைக் காணோம். முதல் தடவை முரட்டு உப்புத்தாளுல தேய்ச்சவரு, துண்டைக் கழுவாமலே நைஸ் தாளுக்குப் போயிருக்காரு. ஒட்டியிருந்த பொடி கிழிச்ச கீறல் அது.

ஆபீஸ்ல தப்பை ஒத்துக்கிட்டாரு. அதுக்குள்ள வேற ஆளைப் போட்டாச்சு. நேரா மச்சானோட வீட்டுக்கு ஓடுனாரு.

"ரெண்டாந் தடவை பாக்காம எழுதிட்டேன், மாப்ளே."

"விடுங்க மாமா. அக்காவுக்கு மாப்பிள்ளையா உங்களைப் பாத்தப்ப நாங்களும் ஒரு தடவைதான் பாத்தோம்."

மாமா வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுனாரு.