தின்னர் குடோனுக்கு வந்த ஆரத்தி

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பெயின்ட் கம்பெனியில் கலர் டெஸ்ட் பண்ணும் வேலையில் இருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்து முகப்பேரில் வாடகை ஃபிளாட்டில் குடியேறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

ஆயுத பூஜை என்றால் எஸ்டேட்டே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எங்கள் முதலாளிக்கு பக்தி கொஞ்சம் தூக்கல். ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட விட்டுவைக்காமல் ஆரத்தி காட்டுவார். காலையிலிருந்தே எல்லோரும் துடைப்பதும் கழுவுவதுமாக இருந்தோம். என்னையும் பேக்கிங்கில் இருந்த ஒரு அக்காவையும் குடோனுக்கு அனுப்பினார்கள். பெயின்டைக் கரைக்கும் தின்னர் டிரம்களை அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. சேக்காட்டிலிருந்து வரும் அந்த அக்கா கூட இருந்தால் வேலை செய்வதே தெரியாது, அவ்வளவு பேச்சு.

காய்ந்து ஒட்டிய பெயின்ட் கறை தண்ணீருக்கு அசையுமா? எங்கள் கம்பெனியில் எதைத் துடைக்கவும் தின்னர்தான். பழந்துணியை முக்கி முக்கி டிரம்மையும் தரையையும் தேய்த்தோம். தரை புதுசு மாதிரி ஆகிவிட்டது. இதற்கிடையில், முன்பக்கம் கோலம் போட இடம் வேண்டும் என்று காலி டிரம்களை எல்லாம் உருட்டிக்கொண்டு போய் குடோனின் பின்கதவுக்கு வெளியே அடுக்கிவிட்டார்கள். பூஜை விளக்கு அணைந்துவிடக் கூடாதென்று ஃபேன், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். ஆரம்பத்தில் மூச்சை முட்டிய வாடை கொஞ்ச நேரத்தில் தெரியாமலே போனது. மூக்குதான் பழகிவிட்டது, வாடை எங்கேயும் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

துடைத்து முடித்து டிரம்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், வாசலுக்குச் சற்று தூரத்தில் முதலாளி வந்துகொண்டிருந்தார். கையிலிருந்த தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. பின்னால் மொத்தக் கம்பெனியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். வெளியே டிரம் அடுக்கியிருந்ததால் பின்கதவைத் திறக்க முடியாது. வெளியே ஓட மிச்சமிருந்த ஒரே வழியில்தான் நெருப்பு வந்துகொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. ஆரத்தியோடு வருகிறவரை வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சாகப்போகிற நேரத்திலும் மரியாதை பார்க்கிற ஜென்மம் நான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன திக்கில் வாசலைப் பார்த்தார். அவ்வளவுதான், போட்டாரே ஒரு சத்தம்.

"சார், உள்ள வராதே. அங்கியே நில்லு. ரூமு பூரா தின்னரு கீது."

மணி நின்றது. முதலாளி ஒரு நொடி எங்களைப் பார்த்தார், ஈரமாகப் பளபளத்த தரையைப் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்துகொண்டே, எரிகிற கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர், கை வெந்துபோக அதை அணைத்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்து கேட் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் என் சுடிதார் முழங்கால்வரை தின்னரில் நனைந்திருப்பதைப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுண்டல் எத்துகினு வரேன்னு ஊட்ல புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன் பாப்பா" என்றார். அதைக் கேட்டதும் நான் உடைந்து அழுதுவிட்டேன்.

பின்கதவு அன்றே திறந்தது. தின்னரில் தரை துடைக்கும் பழக்கமும் அன்றோடு ஒழிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து கற்பூரம் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. குடோனுக்குப் பூவும் பொட்டும் மட்டும்தான்.

ஆரத்தி பாதியில் அணைந்தால் அபசகுனம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அன்று அது பாதியில் அணைந்ததால்தான் அக்கா சுண்டலோடு வீடு போய்ச் சேர்ந்தார், நானும் இன்று இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.