ரங்கம்மாளின் குண்டுகள்

வலை அமிழ்வதற்காக அதன் அடிக்கயிற்றில் கோக்கிற சுட்டமண் குண்டு செய்ய கோட்டைக்குப்பத்தில் ரங்கம்மாளை விட்டால் ஆளில்லை. உடைந்த சட்டிகளை இடித்து மாவாகச் சலிப்பாள். களிமண் பொடி சேர்த்து, ஈரம் பட்டும் படாமலும் பிசறி, மர அச்சில் கொட்டி, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடிப்பாள். உள்ளே காற்றுக்குக்கூட இடமிருக்கக் கூடாது. பிறகு சூளை. நன்றாக வெந்த குண்டு தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் கரையாது.

அன்று புருஷன் சிங்காரத்தின் வலைக்காகச் சூளை மூட்டியிருந்தாள். மறுநாள் ஏரியில் அவன் முறை. தவறவிட்டால், ஊர் வலையெல்லாம் ஒரு சுற்று முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். பாதி வேக்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள். புகை வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் போகிறதாம். குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றச் சொன்ன வெள்ளைக்காரன் வாயிலோ புகையிலைக் குழாய் புகைந்துகொண்டிருந்தது.

"அந்த நெருப்புக்கு மருந்து பத்திக்காதா?" என்று கேட்டாள். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. புரிந்த சிப்பாய் சிரித்தான். என்ன அக்கிரமம் இது!

தப்பிய குண்டுகள் பார்வைக்குச் சிவப்பாகவே இருந்தன. வேகாததைக் கட்டாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஒரு நாள் தாங்கும் என்று சிங்காரம் கட்டிக்கொண்டு போனான். ஏரியில் குண்டுகள் சேறாகி, வலையின் அடி தூக்கிக்கொண்டது. மீனெல்லாம் அடிவழியாகப் போய்விட்டது.

வெளியாள் கையால் முறை கெட்டால் மறுநாளே வேறு முறை தருவது ஊர் வழக்கம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் ஊர்த்தலைவரான நாட்டார் சகாதேவன் தொண்டையைக் கனைத்தார்.

"கோட்டைய இஸ்து நமக்கு இன்னாத்துக்கு வம்பு? குண்டு சரியா அடிக்கலைனு முடிச்சிக்கலாம்."

சிங்காரம் தலையாட்டினான். தாலி கட்டியவனே தலையாட்டினான்.

ரங்கம்மாள் எழுந்தாள். "சரியில்லாத குண்டு உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு, மீன்கத்தியோடு கரையில் காய்ந்த வலைகளிடம் போனாள். முதல் வலையில் தான் செய்த குண்டுகளை அறுத்து மடியில் போட்டாள். அடுத்ததிலும் அறுத்தாள். தடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. அதற்கடுத்து நாட்டாரின் வலை.

"இரும்மா," என்று ஓடிவந்தார் சகாதேவன். "தண்ணி ஊத்தினது கோட்டைக்காரன்தான்."

"எங்கிட்ட சொல்லாதீங்க நாட்டாரே. ஊரு கேக்கச் சொல்லுங்க."

அவர் திரும்பி நின்று உரக்கச் சொன்னார். சிங்காரத்துக்கு மறுநாள் முறை கிடைத்தது. மடியிலிருந்த குண்டுகளை அவன் முன்னால் கொட்டி, அவன் வலையில் அவனையே கோத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள் ரங்கம்மாள்.