கள்ளுக்குடியனாக நடித்து வேலையைப் பறிகொடுத்தேன்

இன்று காலை குடிகாரனாக நடித்தேன்.

(மதுவிலக்கு அதிகாரி யாராவது படித்தால்: நடித்தேன், அவ்வளவுதான்!)

விஷயம் இதுதான். குடிப்பழக்கத்துக்கு வைத்தியம் பார்ப்பதை மாணவர்களுக்குச் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டுமாம். அதற்காக டாக்டர்களாகிய எங்களுக்குக் கோவையில் பயிற்சி. நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பேராசிரியை அம்மா.

நன்றாகச் செய்கிறவருக்கு, வரப்போகும் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை!

மூன்று முறை என்னைத் தாண்டி ஜூனியர்களுக்குப் பதவி போயிருக்கிறது. இந்த முறை விடுவதாக இல்லை.

அம்மா சொன்ன ரூல் ஒன்றுதான்: "நீங்க கொஞ்சமா பேசுங்க. குழுவைப் பேச விடுங்க."

முதலில் என் முறை. கரும்பலகையில் கல்லீரலை வரைந்து விளக்கினேன். நாற்பது நிமிஷம்! மாணவர்களாக உட்கார்ந்திருந்த மற்ற டாக்டர்கள் குழு வாயே திறக்கவில்லை.

(ஒருவர் குறட்டை விட்டார். அது பேச்சில் சேராதாம்.)

அடுத்தது டாக்டர் வேலுச்சாமி. எனக்கு எட்டு வருஷம் ஜூனியர். ஊசி போடக் கற்றுக்கொடுத்ததே நான்!

அவருடைய குழு விசாரிக்க ஒரு நோயாளி வேண்டும். அம்மா என்னைக் கைகாட்டினார். நான் கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புக்காரன், திருட்டுக் கள் குடிக்கிறவன்.

குழுவில் எல்லோரும் நம்ம ஊர் ஆட்கள். எடுத்த எடுப்பில் குடியைப் பற்றிக் கேட்பார்களா?

"ஏனுங்க, அந்தப் பக்கம் மழைங்களா?"

"ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"தேங்கா வெட்டு எப்படிங்க?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இவரும் ஃபெயில்!

அப்போது வேலுச்சாமி மெதுவாகக் கேட்டார்: "மொகம் வாடியிருக்குதுங்களே... மனசுல ஏதாச்சுமுங்களா?"

"கசப்புங்க."

"அப்புறங்க?"

"மூணு தடவை புரமோஷன் தவறிப்போச்சுங்க!"

"தென்னந்தோப்புக்காரருக்கு ஏதுங்க புரமோஷன்?" என்றார் குறட்டைக்காரர்.

வேலுச்சாமி அவரைக் கையமர்த்தினார். "நீங்க சொல்லுங்க. அப்புறங்க?"

சொன்னேன். குவார்ட்டர்ஸ் கொடுக்காதது, வால்பாறைக்குத் தூக்கியடித்தது, விழாவில் எனக்கு வந்த மாலையை மேலதிகாரியின் மச்சான் கழுத்தில் போட்டது... எல்லாம்!

மணி அடித்தது. அம்மா எழுந்து கை தட்டினார்.

"பார்த்தீங்களா, இதுதான் சிறு குழு! டீச்சர் பேசினது நாலு வார்த்தை. பேஷண்ட் மனசையே கொட்டிட்டார். வேலுச்சாமி சார், உங்க பேரைத்தான் எழுதப்போறேன்!"

பிறகு என்னிடம் திரும்பி, "தத்ரூபமா நடிச்சீங்க சார்!"

(நடிப்பாம்!)

கிளம்பும்போது வேலுச்சாமி ஓடி வந்தார்.

"அண்ணா, காலேஜ் தொறந்ததும் என்ற வகுப்புக்கு நீங்கதானுங்க பேஷண்டா வரோணும். உங்களாட்டம் யாராலீங்க முடியும்?"

முறைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் நண்பர்களே, வால்பாறைக் கதையில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மணி அடித்துவிட்டார்கள்.

அவர் வகுப்புக்குப் போகட்டுமா, வேண்டாமா?